எவர்சில்வர் துப்பாக்கி

போர்ட் எஸ்பெரா, டெக்ஸாஸ்
11 பிப்ரவரி 1996

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

தங்கை ட்வைலாவின் அன்பு முத்தங்கள். உன் முழங்கால் வலி தேவலையா? நெப்ராஸ்காவில் ஆளுயரத்துக்குப் பனி என்று டி.வி.யில் காட்டினார்கள். நார்வின் அத்தானைப் பனி அள்ள விடாதே. அவர் முதுகுக்கு அவர் நினைப்பதைவிட வயது அதிகம். நான் இங்கே ஸ்வெட்டர்கூடப் போடாமல் வாசல் படியில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். பொறாமைப்படாதே.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

நான் ஒரு துப்பாக்கி வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாம்பு வந்தது. அவ்வளவுதான் காரணம். என் டெல்பர்ட் உயிரோடு இருந்தவரை இதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு அலமாரியிலிருந்து அவருடைய பழைய கறுப்புத் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தால், துருப்பிடித்து ஒரே கட்டியாக இருக்கிறது. இந்த உப்புக் காற்றில் கதவுக் கீலே தாங்குவதில்லை, அது எங்கே தாங்கும்?

கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் என் தலைநரையைப் பார்த்துவிட்டுக் குட்டியாக ஒன்றை எடுத்து வைத்தான். கறுப்பு, பிளாஸ்டிக் பிடி, பொம்மைபோல. "லேடீஸெல்லாம் இதைத்தாம்மா வாங்குறாங்க" என்றான். நான் கண்ணாடிப் பெட்டியின் கீழ்த்தட்டைக் காட்டினேன்.

"அது பெரிசும்மா. கனம் ஜாஸ்தி. உங்க கைக்கு..."

"என் கையை நான் பாத்துக்கறேன் தம்பி. நீ கண்ணாடியத் திற."

முழுக்க எவர்சில்வர், அக்கா. தலை முதல் கால் வரை. குரோம் பூச்சுபோல மினுக்காமல், நன்றாகத் தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி ஓர் அடக்கமான வெளுப்பு. கையில் எடுத்ததும் ஐஸ் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்தால் என் சூட்டை வாங்கிக்கொண்டது. ஒரு தடவை சுட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளுமாம். "உப்புக் காத்து இதை ஒண்ணும் பண்ணாதும்மா" என்றான் பையன். அதற்குள் நான் கைப்பையைத் திறந்துவிட்டேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் அதை எதிரே வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இறால் சூப் குடித்தேன். டெல்பர்ட் போன பிறகு எனக்கு எதிரே ஒன்று இருந்து நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இப்போது நீ கத்தலாம்.

உன் செல்லத் தங்கை,
ட்வைலா

*

ஹோல்ம்ஸ்பி, நெப்ராஸ்கா
25 பிப்ரவரி 1996

ட்வைலாவுக்கு,

கடவுள் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல புத்தியையும் தரட்டும். உடம்பு ஏற்கெனவே இருக்கிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதம் வந்ததிலிருந்து ரத்த அழுத்தம்தான் கூடியிருக்கிறது.

அறுபது வயதில் உனக்கென்னடி துப்பாக்கி? பாம்பை விரட்ட மண்வெட்டி போதாதா? நம் அம்மா பண்ணையில் ஒரு துடைப்பத்தை வைத்துக்கொண்டு நரியையே துரத்தியவள்.

அத்தானிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவர் கொரியப் போரிலிருந்து திரும்பிவந்த நாளிலிருந்து இந்த வீட்டில் துப்பாக்கி என்ற சொல்லே கிடையாது. உனக்குத் தெரியாததல்ல. ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்துக்கு ஊரே வாணவேடிக்கை பார்க்கும்போது இவர் நிலவறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் கூடவே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவேன். இத்தனை வருஷத்தில் ஜூலை மாத ஸ்வெட்டர்களே ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

அதைக் கடையில் திருப்பிக் கொடு. வீட்டை விற்றுவிட்டு இங்கே வா. மாடி அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டாயிற்று.

துப்பாக்கியோடு சூப் குடித்தேன் என்று இன்னொரு தடவை எழுதினால் நம் பாதிரியாரிடம் காட்டிவிடுவேன்.

கவலையுடன் உன் அக்கா,
ஆர்டிஸ்

*

போர்ட் எஸ்பெரா
24 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

உன் ரத்த அழுத்தம் கூடியதற்கு மன்னித்துக்கொள். உப்பைக் குறை. அத்தானுக்கு என் வணக்கம் சொல். துப்பாக்கி திரும்பிப் போகவில்லை.

ஆனால் உனக்குச் சந்தோஷம் தரும் செய்தி ஒன்று: எனக்குச் சுடத் தெரியவில்லை.

சுடும் பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் முதல் தோட்டா ஏறும். அதற்கு ஸ்லைடு என்று பெயர். இழுத்தேன். அசையவில்லை. முழங்காலுக்கிடையில் வைத்து இழுக்கப் பார்த்தேன். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சட்டென்று வேறு பக்கம் போய்விட்டார்கள். கூடத்தை நடத்துகிறவர் எலிசேயோ கார்ஸா, முன்பு துறைமுகப் படகில் கேப்டனாக இருந்தவர். ஓடிவந்தார்.

"அம்மா, அம்மா! முதல்ல குழாயை யாரும் இல்லாத பக்கம் திருப்புங்க. ஹாங். இப்ப அதை இழுக்காதீங்க. மேல கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, கீழ் கையால துப்பாக்கியை முன்னாடி தள்ளுங்க."

தள்ளினேன். க்ளக்! அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்? நல்ல பீரோவின் கதவு சாத்திக்கொள்வதுபோல, எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்காரும் சத்தம்.

என் முதல் குண்டு காகிதத்தில் படவில்லை. காகிதம் தொங்கிய கம்பியில் பட்டு, மொத்தமும் அறுந்து கீழே விழுந்தது. பக்கத்தில் பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் கைதட்டினார்கள். "கம்பியைக் குறிவைச்சா எங்களாலகூட முடியாதுங்க" என்றான் ஒருவன்.

அப்புறம் இன்னொன்று. நான் அதைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்திருந்தேன். பக்கவாட்டில் கீறல் விழுந்திருந்தது. எலிசேயோ அதைப் பார்த்து அழாத குறை. "எவர்சில்வர்னா பாத்திரம்னு நினைச்சுட்டீங்களா?" என்றார். பிறகு அவரே மெல்லிய துணியும் எண்ணெயும் கொடுத்து, எப்படித் துடைப்பதென்று காட்டினார். எலிசேயோவுக்கும் மனைவி இறந்துபோய்விட்டாளாம். எலிசேயோ நன்றாக மீன் சுடுவாராம். அடுப்பில்.

உன் தங்கை,
ட்வைலா

*

ஹோல்ம்ஸ்பி
14 ஏப்ரல் 1996

ட்வைலா,

சுகமாக இருப்பாய் என்று தெரிகிறது. அளவுக்கு மீறிய சுகம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். துப்பாக்கி வருகிற இடங்களைவிட எலிசேயோ வருகிற இடங்கள் அதிகம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் பரிசு வாங்கியவள். என்னை ஏமாற்ற முடியாது.

நேரில் பேசினால்தான் உனக்குப் புரியும். மே மாதம் பஸ்ஸில் வருகிறேன். அத்தான் வரமாட்டார், தோட்டத்தில் வேலை இருக்கிறது. உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதாக அவரிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சாமானை நான் அங்கே இருக்கும்வரை என் கண்ணில் காட்டாதே. தொடவும் மாட்டேன், பார்க்கவும் மாட்டேன்.

ருபார்ப் ஜாம் கொண்டுவருகிறேன்.

ஆர்டிஸ்

*

ஹோல்ம்ஸ்பி
3 ஜூன் 1996

அன்புள்ள ட்வைலா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் பஸ்ஸில் ஒரு பெண்மணி தன் பித்தப்பையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். அத்தான் சௌக்கியம். நான் இல்லாத நாளெல்லாம் அவித்த முட்டையையே தின்றிருக்கிறார். நீ ஏன் என்னோடு வரவில்லை என்று கேட்டார். "அவளுக்குக் கடல் பிடிச்சிருக்கு" என்றேன். "சரி" என்றார். அவர் பேச்சு உனக்குத் தெரியும்.

உன் விருந்தோம்பலுக்கு நன்றி. ஒரே ஒரு குறை. பாம்பு என்று எழுதினாய். உன் பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். உன் பாம்புக்குப் பூட்ஸ் காலாமே? பின்கதவில் மூன்று புதுத் தாழ்ப்பாள் இருப்பதைப் பார்த்தபோதே நினைத்தேன், எந்தப் பாம்பு குமிழைத் திருகும் என்று. என்னிடம் மறைத்துவிட்டாயே, அதுதான் வருத்தம்.

அந்தச் சாமானை நான் ஒரு தடவை கையில் எடுத்தது அந்தக் கேப்டன் வற்புறுத்தியதால்தான். மரியாதைக்காக.

தோட்டத்தில் பட்டாணி நன்றாக வந்திருக்கிறது. மழை போதும். உன் வீட்டில் அதைத் துடைக்கிற அந்த எண்ணெய் என்ன எண்ணெய்? தையல் மிஷின் எண்ணெய் ஆகாதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன் அக்கா,
ஆர்டிஸ்

*

போர்ட் எஸ்பெரா
16 ஜூன் 1996

என் அருமை அக்கா,

ஜாம் தீர்ந்துபோனது. எலிசேயோ ரொட்டி இல்லாமலே கரண்டியால் தின்கிறார். உங்கள் இருவர் நலனுக்கும் அவர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாராம். நீ லூதரன் சபை, மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கமில்லை என்று சொன்னேன். "மெழுகுவர்த்திக்குத் தெரியவா போகுது?" என்கிறார்.

ஆமாம், பூட்ஸ்தான். ஒரு சாயங்காலம் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். பின்கதவுக் குமிழ் தானாகத் திரும்பியது. "யாரது?" என்றேன். நின்றது. மறுபடி திரும்பியது. "டெல்பர்ட், நாயை அவுத்து விடுங்க!" என்று கத்தினேன். டெல்பர்ட்டும் கிடையாது, நாயும் கிடையாது. பூட்ஸ் சத்தம் ஓடிப்போனது. அடுப்பில் மீன் கரிந்துபோனது. உன்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்து என்னை மூட்டை கட்டித் தூக்கிப்போயிருப்பாய். பயத்துக்குத்தான் வாங்கினேன். பயம் எப்போதோ போய்விட்டது. இது பிடித்துப்போனது மட்டும் போகவில்லை.

மரியாதைக்காக ஒரு தடவையா? யாரிடம் கதை விடுகிறாய்? முதல் நாள் நீ கண்ணை மூடிக்கொண்டு சுட்டாய், நடுவில் பட்டது. இரண்டாம் நாள் கண்ணைத் திறந்து சுட்டாய், அதுவும் நடுவில் பட்டது. மூன்றாம் நாள் எலிசேயோ விளக்கை அணைத்து, "அம்மா, கடையைச் சாத்தணும்" என்று சொன்ன பிறகும், "இன்னும் ஒரு பெட்டி தோட்டா குடுங்க, கேப்டன்" என்று கேட்டவள் யார்? வீட்டுக்கு வந்து அதைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்த்தவள் யார்?

தையல் மிஷின் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும் என்கிறார் எலிசேயோ. அக்கா, உன் வீட்டில் எதற்கு எண்ணெய் போடப்போகிறாய்?

பதில் போடு.

ட்வைலா

*

ஹோல்ம்ஸ்பி, நெப்ராஸ்கா
11 ஆகஸ்ட் 1996

மைத்துனி ட்வைலாவுக்கு நார்வின் எழுதுவது.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு முதுகு பரவாயில்லை. சோளம் நன்றாக இருக்கிறது. சென்ற வாரம் காற்று, ஆலங்கட்டி இல்லை.

நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. மன்னிக்கவும்.

ஆர்டிஸுக்கு வேறொருவர் இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

செவ்வாயும் சனியும் மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறாள். கோயில் பெண்கள் சங்கம் என்கிறாள். பாதிரியாரின் மனைவி என்னைப் பார்த்து, "ஆர்டிஸ் சங்கத்துக்கு வந்து ரொம்ப நாளாச்சே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். முழங்கால் என்று சொல்லி வைத்தேன். அவள் திரும்பி வரும்போது முகம் சிவந்திருக்கிறது. பாட்டு முணுமுணுக்கிறாள். பல வருஷமாக அவள் பாடி நான் கேட்டதில்லை.

அவள் கையில் மிஷின் எண்ணெய் வாசனை. நகத்தில் கறுப்பு. ஆகவே மெக்கானிக் என்று முடிவுசெய்தேன். ஊரில் மெக்கானிக் வெண்டல் ஒருவன்தான். மனைவியை இழந்தவன். அவனைக் கவனிப்பதற்காக மூன்று தடவை வண்டிக்கு ஆயில் மாற்றினேன். வண்டிக்குத் தேவையில்லை. அவன் நன்றாகவே நடந்துகொள்கிறான். அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

நான் முடிவெட்டப் போனால் கடையில் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்கள். ஊருக்கே தெரியும் போலிருக்கிறது.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதனால்தானோ என்று யோசிக்கிறேன். உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. மழை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
நார்வின் (ஆர்டிஸின் கணவர்)

*

போர்ட் எஸ்பெரா
17 ஆகஸ்ட் 1996

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் முதுகு பரவாயில்லை என்றறிந்து நிம்மதி. உங்கள் கடிதம் கண்டு முதலில் சிரித்தேன், மன்னியுங்கள். பிறகு கடைசி வரிகளைப் படித்துவிட்டு அழுதேன்.

மெக்கானிக் யாரும் இல்லை. ஆண்பிள்ளை யாருமே இல்லை. வெண்டல் பாவம், அவனை விட்டுவிடுங்கள். அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கடிதம் போட்டும் பதிலில்லை. ஆனால் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை நான் சொன்னால் சரியாக இருக்காது. அவளே சொல்ல வேண்டும். நீங்களே கேளுங்கள், அத்தான். கேட்காமல் இருந்து இருந்துதான் இத்தனை ஆயில் மாற்றியிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அவள் பின்னால் போய்ப் பார்ப்பதாக இருந்தால் சத்தமில்லாமல் போகாதீர்கள். தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, அங்கேயே இருந்து ஹார்ன் அடியுங்கள். அவள் திரும்பி உங்களைப் பார்த்துக் கையசைத்த பிறகுதான் கிட்டே போக வேண்டும்.

அன்புடன்,
ட்வைலா

*

போர்ட் எஸ்பெரா
அதே நாள்

அடி அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. அத்தான் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்! ஆம், நார்வின்! ஒரு பக்கம் முழுக்க! நீ வெண்டலோடு ஓடிப்போகப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்த உடனே, கையைக்கூடக் கழுவாமல், போய் அவரிடம் உண்மையைச் சொல்.

கையை வேண்டுமானால் கழுவிக்கொள். அதுதான் காட்டிக்கொடுத்தது.

ட்வைலா

*

ஹோல்ம்ஸ்பி
8 செப்டம்பர் 1996

ட்வைலாவுக்கு நார்வின் வணக்கம்.

நலம். மழை பெய்தது. உன் கடிதம் வந்தது. ஆர்டிஸுக்கு நீ எழுதிய கடிதமும் அன்றைக்குத்தான் வந்திருக்கிறது. அதைப் பிரிக்காமலே அவள் கிளம்பிப் போய்விட்டாள். சனிக்கிழமை.

நான் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டேன். அந்த ஆளிடம் பேச வேண்டியிருந்தால் மரியாதையாக இருக்க வேண்டும் என்று. பக்கத்து வீட்டுக்காரரின் டிரக்கை இரவல் வாங்கிப் பின்னாலேயே போனேன். ஊருக்கு வெளியே பழைய மண்குழிப் பக்கம் அவள் வண்டி நின்றது. நீ சொன்னபடி தூரத்தில் நிறுத்தினேன்.

அப்போது சத்தம் கேட்டது.

என்ன சத்தம் என்று எனக்கு உடனே தெரிந்தது. இந்த நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாளும் தெரியாமல் இருந்ததில்லை. கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். திருப்பவும் கை வரவில்லை. ஹார்ன் அடி என்று நீ எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது.

ஆர்டிஸ் காதில் சத்தம் தடுக்கும் பெரிய மூடியோடு திரும்பினாள். கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு, முழங்காலையும் பார்க்காமல் ஓடிவந்தாள்.

"என்னங்க! யாருக்கு என்ன ஆச்சு? எதுக்குக் கோட்டெல்லாம் போட்டிருக்கீங்க?"

"அவன் எங்கே?"

"எவன்?"

"வெண்டல்."

"வெண்டல் கடையில இருப்பான். வண்டி மறுபடி கெட்டுப்போச்சா? மூணு தடவை ஆயில் மாத்தினீங்களே!"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள். டிரக்கின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவள் அழுதாள். "இதை வித்துடறேங்க. இன்னிக்கே வித்துடறேன். உங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயந்துதான் சொல்லலை" என்றாள். துப்பாக்கி வாங்க ஷெரீஃபிடம் அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறாள். அவன் சின்ன வயதில் அவளிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவன். அவன் முடிவெட்டுபவரிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்ல மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

நான் அதைப் பார்க்க வேண்டும் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் தோட்டாவையெல்லாம் எடுத்துவிட்டு, மேசையில் திறந்து வைத்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். கொரியாவில் எனக்குக் கொடுத்தது மரமும் கறுப்பு இரும்பும். குளிரில் கையோடு ஒட்டிக்கொள்ளும். இது வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. வெயில் அதன்மேல் இருந்தது. அதை யாரும் எதற்கும் எடுத்துக்கொண்டு ஓடியதில்லை.

தொடவில்லை. பார்த்தேன்.

பிறகு டிரக்கில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, "சுடு" என்று கை காட்டினேன். வரிசையாகத் தகர டப்பாக்கள். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. அவள் இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியாது.

விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
நார்வின்

*

ஹோல்ம்ஸ்பி
15 அக்டோபர் 1996

என் கண்ணான தங்கைக்கு,

நீயும் கேப்டனும் சுகம்தானே? முழங்கால் பற்றிக் கேட்காதே, அதை நான் மறந்தே போய்விட்டேன். இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டிக்கொள். எழுதினால் பொய் எழுத வேண்டும், பொய் எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் பேனாவையே தொடவில்லை.

ஏன் வாங்கினாய் என்று அத்தான் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்தப் பித்தப்பைப் பெண்மணி பேசப் பேச, என் கை மட்டும் அந்தக் கனத்தைத் தேடிக்கொண்டே வந்தது என்றேன். இந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானும் யாருக்காவது சமைக்கவோ, துவைக்கவோ, பரிமாறவோதான் வாங்கினது. இது ஒன்றுதான் எனக்கே எனக்கு, வேலை வைக்காதது என்றேன். அதைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டினால் ஒரு துண்டுகூட மிஞ்சாது, குறையாது. என் வாழ்க்கையில் வேறெதுவும் அப்படிப் பூட்டிக்கொண்டதில்லை என்றும் சொன்னேன். அவர் உருளைக்கிழங்கை மென்றுகொண்டே கேட்டார். "அப்ப நல்லது" என்றார்.

சென்ற ஞாயிறு மாவட்டத்துச் சுடும் போட்டி. பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்திருந்தேன். "நீங்க வர வேண்டாங்க, அங்க சத்தமா இருக்கும்" என்றேன். வெளியே வந்து பார்த்தால் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் என் ஜூலை மாதக் கம்பளித் தொப்பி. அக்டோபர் வெயிலில் முகமெல்லாம் வேர்வை.

பெஞ்சில் முதல் வரிசையில் உட்கார்ந்தார், ட்வைலா. ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடுவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. எழுந்து போய்விடுவார் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். போகவில்லை. என் முறை வந்தபோது மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

மூன்றாவதாக வந்தேன். முதல் பரிசு ஒரு பல் டாக்டரின் மனைவிக்கு. இரண்டாவது ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு. என்னை மேடைக்குக் கூப்பிட்டு, ரிப்பன் கட்டிய பெரிய பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். பிரித்தால் வாணலி. அடி கனமான எவர்சில்வர் வாணலி. ஆண்கள் பிரிவில் மூன்றாவதாக வந்த பையனுக்குத் துப்பாக்கி துடைக்கும் பெட்டி. பித்தளைக் கம்பிகள், பிரஷ்கள், குட்டிக் குட்டிப் புட்டியில் எண்ணெய், எல்லாம் வெல்வெட்டில் பதித்தது. அதைப் பார்த்து எனக்கு எச்சில் ஊறியது. இருந்தாலும் "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கப் போனேன்.

அப்போது நார்வின் எழுந்து நின்றார்.

தொப்பியைக் கழற்றினார். பஞ்சை எடுக்க மறந்துவிட்டார். அதனால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. "சார்!" என்றார். மைதானத்தில் ஒவ்வொருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவர்.

"எனக்குப் பேசிப் பழக்கமில்லை. என் பொண்டாட்டி இங்க சமைக்க வரலை. சுட வந்தா. சுட்டா. மூணாவதா வந்தா. மூணாவதா வந்த ஆம்பிளைக்கு என்ன குடுத்தீங்களோ, அதையே இவளுக்கும் குடுங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார்.

போட்டி நடத்தியவருக்கு முகம் செத்துப்போனது. "சார், பெண்களுக்குப் பிரயோஜனமா இருக்கட்டும்னுதான்..." என்று இழுத்தார். நார்வினுக்குக் காதில் பஞ்சு. கேட்கவில்லை. அதனால் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பயங்கரமாக இருந்தது. கடைசியில் அந்தப் பையனே எழுந்து வந்து, "அம்மா, எங்கிட்ட துடைக்கிற பெட்டி ரெண்டு இருக்கு. வாணலிதான் இல்லை. மாத்திக்கலாமா?" என்றான். அதற்குத்தான் கைதட்டல், நான் சுட்டதற்கு வந்ததைவிட அதிகமாக. ஷெரீஃப் விசிலே அடித்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். அவர் என் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேசினால் அழுதுவிடுவேன் என்றிருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அறுத்த சோளக்காடு இரண்டு பக்கமும் ஓடியது. நம் ஊர் எல்லை வந்ததும் அவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஆர்டிஸ்."

"சொல்லுங்க."

"அது நல்ல வாணலி."

"ஆமாங்க."

"அடி நல்ல கனம்."

"ஆமாங்க."

வண்டி கொஞ்ச தூரம் போனது. "கேட்டிருந்தா ரெண்டையுமே குடுத்திருப்பாங்க" என்றார்.

உங்கள் இருவருக்கும் எங்கள் இருவரின் அன்பும்,
ஆர்டிஸ்